தோட்டத்துத் தங்கமீன் குளம்: சுத்தம் செய்வது, பராமரிப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

என் முதல் குளத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கழுவினேன். தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் வெளியேற்றினேன். சுவரில் வழுவழுவென்று படிந்திருந்த பச்சையை பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாயடியில் வைத்து, அழுக்கு நின்று தெளிந்த தண்ணீர் வரும்வரை பிழிந்தேன். கூழாங்கற்களை ஒவ்வொன்றாக அலசினேன். சாயங்காலம் புதுத் தண்ணீர் நிரப்பி மீன்களை விட்டபோது அடிமட்டம் வரை பளிச்சென்று தெரிந்தது. நாலாம் நாள் காலையில் இரண்டு மீன்கள் மல்லாந்து மிதந்தன. அந்த வாரம் முடிவதற்குள் இன்னும் மூன்று போயின.

என்ன நடந்தது என்று புரிய ரொம்ப நாள் பிடித்தது. நான் கழுவி எறிந்தது வெறும் அழுக்கை அல்ல, அந்த மீன்களை உயிரோடு வைத்திருந்த பாக்டீரியாக்களை. அப்புறம் குளத்து வேலை எதைச் செய்தாலும் ஒரே ஒரு கேள்வியை முதலில் கேட்டுக்கொள்கிறேன்: இதைச் செய்தால் பாக்டீரியாவுக்கு என்ன ஆகும்? கீழே சொல்லியிருப்பது எல்லாமே அந்தக் கேள்வியை வைத்துத்தான்.

தண்ணீருக்குள் என்ன நடக்கிறது

தங்கமீன் கெண்டைக் குடும்பத்து மீன். அதற்கு இரைப்பை கிடையாது. தின்றது நேராகக் குடலுக்குப் போய்விடும். அதனால்தான் நாள் முழுக்க எதையாவது மேய்ந்துகொண்டே இருக்கும், நாள் முழுக்கக் கழிவை வெளியேற்றிக்கொண்டும் இருக்கும். கண்ணுக்குத் தெரிகிற கழிவைவிடத் தெரியாததுதான் ஆபத்து. அதன் செவுள் வழியாக அம்மோனியா நேரடியாகத் தண்ணீரில் கலக்கிறது. மிஞ்சிய தீனி, அழுகும் இலை, செத்த பூச்சி ஆகியவையும் அம்மோனியாவாகத்தான் முடிகின்றன.

அம்மோனியாவை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றும். நைட்ரைட்டை இன்னொரு வகை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் அந்த அளவுக்குத் தொந்தரவு செய்யாது. செடிகள் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், மீதியைத் தண்ணீர் மாற்றி வெளியேற்றிவிடலாம். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்துகொண்டு வாழ்வதில்லை. ஃபில்டர் ஸ்பாஞ்சின் துளைகளிலும், கல்லிலும், சுவரின் வழுவழுப்பிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. புதுக் குளத்தில் இவை போதிய அளவுக்குப் பெருகுவதற்கு 4 முதல் 6 வாரம் ஆகும். ஒரே நாளில் கழுவித் தள்ளினால், அவை திரும்ப வரும்வரை மீன் தன் கழிவிலேயே மூழ்கிக் கிடக்க வேண்டியதுதான்.

டெஸ்ட் கிட்டில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே வருகிறது. அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் லிட்டருக்கு 40 மில்லிகிராமுக்குக் கீழே. தண்ணீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பி.எச். 7-க்கும் 8.5-க்கும் நடுவில் எங்கே நின்றாலும் தங்கமீன் பழகிக்கொள்ளும். நிலையாக நிற்பதுதான் முக்கியம். பி.எச். ஏற ஏற அதே அளவு அம்மோனியா இன்னும் கொடியதாகும். 25 டிகிரி வெப்பத்தில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவுதான் விஷ வடிவில் இருக்கும். பி.எச். 8-ல் அது சுமார் 5 சதவீதம், 9-ல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். கலங்கலாக இல்லாமல் தெளிந்த தண்ணீரிலும் மீன் சாவதற்கு இதுதான் காரணம். தெளிவு வேறு, சுத்தம் வேறு.

முதலில் அளவு

குளத்தின் கொள்ளளவு தெரியாமல் மருந்தும் போட முடியாது, பம்பும் வாங்க முடியாது. நீளம், அகலம், சராசரி ஆழம் மூன்றையும் மீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் பெருக்கினால் லிட்டர் கணக்கு வரும். 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 0.6 மீட்டர் ஆழம் என்றால் 1800 லிட்டர். வட்டக் குளமானால் நீளம், அகலத்துக்குப் பதிலாக ஆரத்தை ஆரத்தால் பெருக்கி 3.14-ஆல் பெருக்குங்கள். ஓரம் சரிவாக இருந்தால் ஆழத்தை நாலைந்து இடத்தில் அளந்து சராசரி எடுங்கள். ஓரத்துக் கல் ஒன்றின் அடியில் அந்த எண்ணை பெயின்டில் எழுதி வைத்திருக்கிறேன். மருந்து போடும் அவசரத்தில் தேட வேண்டியதில்லை.

ஒரு மீனுக்குக் குறைந்தது 150 முதல் 200 லிட்டர் என்று வைத்துக்கொள்வது என் வழக்கம். கடையில் விரல் நீளத்தில் இருக்கும் மீன், குளத்தில் 20 சென்டிமீட்டரைத் தாண்டி வளரும். நன்றாகப் பார்த்துக்கொண்டால் 10 ஆண்டுக்கு மேல் உயிரோடு இருக்கும். பராமரிப்புத் தொல்லைகளில் பாதி, மீன் எண்ணிக்கை கூடியதால் வருகிறது. அதை எந்த ஃபில்டராலும் முழுக்கச் சரிக்கட்ட முடியாது.

பம்ப் விஷயத்தில், குளத்தின் மொத்தத் தண்ணீரும் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும். மீன் அதிகம் என்றால் மணிக்கு ஒரு முறை. பெட்டியில் போட்டிருக்கும் எண், தண்ணீரை மேலே ஏற்றாதபோது கிடைக்கிற அளவு. ஃபில்டர் உயரத்தில் இருந்தால் அதில் கணிசமாகக் குறையும். அதையும் பார்த்து வாங்குங்கள்.

தினமும் ஐந்து நிமிடம்

காலையில் வெளிச்சம் வந்ததும் குளத்தருகே போங்கள். இந்த நேரத்துக்குக் காரணம் இருக்கிறது. பகலில் பாசியும் செடியும் ஆக்சிஜனை வெளிவிடும். இரவில் அவையும் மீனோடு சேர்ந்து அதை எடுத்துக்கொள்ளும். விடியும் முன்தான் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நிற்கின்றனவா, பம்பிலிருந்து தண்ணீர் விழும் இடத்திலேயே கூடி நிற்கின்றனவா என்று பாருங்கள். அப்படியானால் காற்று போதவில்லை, அல்லது செவுளுக்கு ஏதோ கோளாறு. பசிக்கு மேலே வரும் மீன் ஆளைப் பார்த்ததும் நெருங்கி வரும், வாலை ஆட்டும், போட்டி போடும். மூச்சுக்குத் திணறும் மீன் ஆள் வந்தாலும் அசையாமல் வாயை மட்டும் திறந்து மூடும். இரண்டு முறை பார்த்தால் வித்தியாசம் மனதில் பதிந்துவிடும்.

பம்ப் ஓடுகிறதா, தண்ணீர் விழும் வேகம் நேற்று போலவே இருக்கிறதா என்று ஒரு பார்வை. வேகம் குறைந்திருந்தால் பம்பின் வாய்ப்பகுதியில் இலையோ பாசியோ அடைத்திருக்கும். மேலே மிதக்கும் இலையை வலையால் எடுத்துவிடுங்கள்; மிதக்கும்போது ஒரு நிமிடத்தில் முடிகிற வேலை அது, அடியில் போய்ப் படிந்துவிட்டால் ஒரு மணி நேர வேலை.

தீனியைப் பொறுத்தவரை, இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுதான். மிஞ்சினால் வலையால் எடுத்துவிடுங்கள். வெப்பம் மிதமாக இருக்கும் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு வேளை போடலாம். தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே போனால் நிறுத்திவிட வேண்டும், அந்தக் குளிரில் செரிமானம் மிகவும் மந்தமாகிவிடும். 30 டிகிரியைத் தாண்டினாலும் குறைக்க வேண்டும், ஏனென்றால் செரிமானத்துக்கு ஆக்சிஜன் வேண்டும், சூடான தண்ணீரில் அதுதான் குறைவு. 10 டிகிரி தண்ணீர் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரி தண்ணீர் 7.5-தான் தாங்கும். மீன் கெஞ்சுவது போல நம்மையே பார்க்கும். அதைப் பார்த்து இரங்கி இன்னொரு பிடி போடுவதுதான் குளம் கெடுவதற்கு முதல் படி. ஊருக்குப் போகிறீர்கள் என்றால், வளர்ந்த தங்கமீன் ஒரு வாரம் தீனி இல்லாமல் தாராளமாக இருக்கும். குளத்தில் பாசி இருக்கிறது, மேய்ந்துகொள்ளும். பழக்கமில்லாத ஒருவரிடம் டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதைவிட அதுவே மேல்.

வாரம் ஒரு முறை தண்ணீர் மாற்றுவது

வாரம் ஒரு முறை 10 சதவீதம், அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 20 சதவீதம். ஒரே நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மாற்றாதீர்கள்.

இங்கே பலரும் செய்கிற ஒரு தவறு இருக்கிறது. வெயிலில் தண்ணீர் இறங்கினால் குழாயைத் திறந்து நிரப்பிவிட்டு, தண்ணீர் மாற்றியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான். நைட்ரேட்டும் உப்புகளும் அங்கேயே தங்கிவிடும். மேலே மேலே நிரப்பிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் அவை இன்னும் கொஞ்சம் சேர்ந்துகொண்டே போகும். பழையதை வெளியே எடுத்தால்தான் அது மாற்றுவது.

எடுப்பதை அடியிலிருந்து எடுங்கள். ஒரு ஹோஸ் குழாயைத் தண்ணீரால் முழுக்க நிரப்பி, ஒரு முனையைக் கட்டைவிரலால் அடைத்து, குளத்தைவிடத் தாழ்வான இடத்துக்குக் கொண்டுபோய் விரலை எடுத்தால் சைஃபன் ஓடத் தொடங்கும். குளத்துக்குள் இருக்கும் முனையை வண்டல் மேல் மெதுவாக, ஒரு அங்குலம் உயரத்தில் நகர்த்துங்கள். பழுப்பு நிறத் தண்ணீர் ஓடிவரும். அதைச் செடிக்கு விட்டால் அருமையான உரம். சின்ன மீன் உறிஞ்சப்படாமலிருக்க முனையில் வலைத்துணி கட்டிக்கொள்ளுங்கள்.

புதுத் தண்ணீர் குழாய்த் தண்ணீரானால் குளோரின் இருக்கும். அது செவுளையும் சுடும், பாக்டீரியாவையும் கொல்லும். திறந்த தொட்டியில் பிடித்து, காற்றைக் குமிழிகளாக விடும் ஏர் ஸ்டோன் போட்டு ஒரு நாள் வைத்தால் குளோரின் பறந்துவிடும். ஆனால் சில இடங்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் கலக்கிறார்கள். அது அப்படிப் பறந்து போகாது, குளோரின் நீக்கி மருந்து போட்டே ஆக வேண்டும். எது கலக்கிறார்கள் என்று உங்களுக்குத் தண்ணீர் வழங்குபவரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். மருந்தைத் தண்ணீர் விடுவதற்கு முன்னால் போட வேண்டும், விட்ட பிறகு அல்ல. கிணற்றுத் தண்ணீரிலோ ஆழ்துளைத் தண்ணீரிலோ குளோரின் இருக்காது, ஆனால் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அதனால் உயரத்திலிருந்து சிதறி விழும்படி விடுங்கள். இரண்டு தண்ணீருக்கும் வெப்ப வித்தியாசம் இரண்டு மூன்று டிகிரியைத் தாண்டக்கூடாது.

குழாயைத் திறந்துவிட்டு "இதோ வந்துவிடுகிறேன்" என்று உள்ளே போகாதீர்கள். மறந்துபோய் ராத்திரி முழுக்க ஓடிய ஒரே குழாயில் குளம் முழுவதையும் இழந்தவர்கள் நிறைய. நான் கடிகாரத்தில் அலாரம் வைத்துவிட்டுத்தான் திறக்கிறேன்.

ஃபில்டரைக் கழுவும் விதம்

இதுதான் இந்த வழிகாட்டியிலேயே முக்கியமான பகுதி, கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

பிளக்கை எடுங்கள். சுவிட்சை அணைத்தால் போதாது, கையைத் தண்ணீரில் விடுவதற்கு முன் பிளக் வெளியே இருக்க வேண்டும். தோட்டத்து மின் இணைப்பில் கசிவு ஏற்பட்டால் தானாகவே துண்டிக்கும் கருவி கட்டாயம் இருக்கட்டும். இல்லையென்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முதலில் அதைப் போடுங்கள், மீன் அப்புறம்.

ஒரு வாளியில் குளத்துத் தண்ணீரையே மொண்டுகொள்ளுங்கள். குழாய்த் தண்ணீர் கூடாது. ஸ்பாஞ்சை அதில் முக்கி நாலைந்து தடவை அமுக்கி விடுங்கள். காபி நிறத்தில் கலங்கி வரும், மண் வாசனை அடிக்கும். அந்த வாசனை நல்ல அறிகுறி. ஆரோக்கியமான ஃபில்டர் மழை பெய்த தோட்டம் போல மணக்கும், அழுகிய முட்டை போல நாற்றமடிக்காது. தண்ணீர் தாராளமாக உள்ளே போகிற அளவுக்கு அடைப்பு நீங்கினால் நிறுத்திவிடுங்கள். ஸ்பாஞ்ச் பழுப்பாகத்தான் இருக்க வேண்டும். புதிதுபோல ஆக்க நினைக்கும் இடத்தில்தான் நான் ஐந்து மீன்களை இழந்தேன்.

ஒன்றுக்கு மேல் ஸ்பாஞ்ச் இருந்தால் ஒரு முறை ஒன்று மட்டும், இரண்டு வாரம் கழித்து அடுத்தது. பயோ பால் எனப்படும் பிளாஸ்டிக் உருண்டை, பீங்கான் வளையம் போன்றவை பாக்டீரியா குடியிருப்பதற்கென்றே போட்டவை. அவற்றை வருடத்துக்கு ஓரிரு முறை, அதுவும் மேலே சேறு மூடியிருந்தால் மட்டும், குளத்துத் தண்ணீரில் லேசாக அலசினால் போதும். ஸ்பாஞ்ச் நைந்துபோய் மாற்ற வேண்டியிருந்தால், புதியதைப் பழையதோடு சேர்த்து ஒரு மாதம் ஓடவிட்டு, அப்புறம் பழையதை எடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒரு முறை? தண்ணீர் வரும் வேகம் குறையும்போது. வெயில் காலத்தில் அது இரண்டு வாரமாக இருக்கலாம், குளிரில் இரண்டு மாதமாகவும் இருக்கலாம்.

மின்சாரம் நின்றால் இன்னொரு சிக்கல். மூடிய ஃபில்டருக்குள் ஓட்டம் நின்றதும் சில மணி நேரத்தில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். நாலைந்து மணி நேரத்துக்கு மேல் நின்றிருந்தால், பம்பைத் திரும்பப் போடும் முன் ஃபில்டரைத் திறந்து உள்ளே தேங்கிய தண்ணீரைக் கீழே கொட்டிவிடுங்கள், ஸ்பாஞ்சைக் குளத்துத் தண்ணீரில் ஒரு அலசு அலசுங்கள். அப்படியே ஓடவிட்டால் அந்தக் கெட்ட தண்ணீர் ஒரே வீச்சில் குளத்துக்குள் பாயும். பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருப்பது நல்லது.

பச்சைத் தண்ணீரும் நூல் பாசியும்

புதுக் குளம் பட்டாணி சூப் போலப் பச்சையாவது சகஜம். மிதக்கும் நுண்பாசி அது. மீனுக்குக் கெடுதல் செய்வதில்லை. பயந்து தண்ணீர் முழுவதையும் மாற்றினால் புதுத் தண்ணீரில் இருக்கும் சத்தை உறிஞ்சி இன்னும் வேகமாகப் பச்சையாகும். வெயிலையும் சத்தையும் குறைப்பதுதான் தீர்வு. அல்லி போன்ற இலை மிதக்கும் செடிகளால் நீர்ப்பரப்பில் பாதி அளவு நிழல் விழச் செய்யுங்கள். வேலம்பாசி போன்ற நீருக்கடியில் வளரும் செடிகள் பாசிக்குப் போக வேண்டிய சத்தைத் தாங்கள் எடுத்துக்கொள்ளும், ஆனால் தங்கமீன் அவற்றைத் தின்னும். கொஞ்சம் வலையடித்துத் தடுத்து வளர்க்க வேண்டியிருக்கும்.

யு.வி. (புற ஊதா) விளக்கு வைத்தால் ஓரிரு வாரத்தில் தண்ணீர் தெளியும். அதன் ஒளி பட்ட நுண்பாசி கட்டியாகச் சேர்ந்து ஃபில்டரில் சிக்கிக்கொள்ளும். விளக்கு நீலமாக எரிந்துகொண்டே இருந்தாலும் அதன் வீரியம் ஓராண்டில் பெரிதும் குறைந்துவிடும்; வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். எரியும்போது நேராகப் பார்க்காதீர்கள்.

கல்லிலும் அருவியிலும் முடி போலத் தொங்கும் நூல் பாசிக்கு யு.வி. பலிக்காது, அது ஒளிக்கு அருகே போவதே இல்லையே. சொரசொரப்பான ஒரு குச்சியை விட்டு நூல் சுற்றுவது போலச் சுழற்றினால் பிடிபிடியாக வரும். எடுத்ததைக் கரையோரம் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு அப்புறம் உரக்குழியில் போடுங்கள், சிக்கிய பூச்சிகளும் நத்தைகளும் தண்ணீருக்குத் திரும்பிப் போகும்.

பாசிக்கொல்லி மருந்தை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரே நாளில் இவ்வளவு பாசியும் செத்து அழுகும்போது ஆக்சிஜனையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும், விடியற்காலையில் மீன்கள் மூச்சுமுட்டி நிற்கும். சுவரில் மெல்லிய பட்டு போலப் படிந்திருக்கும் பச்சையை மட்டும் விட்டுவிடுங்கள். அது பாக்டீரியாவின் வீடு, மீனின் மேய்ச்சல் நிலம்.

அடி வண்டல்

பழுப்பு வண்டல் ஓரிரு சென்டிமீட்டர் இருப்பது சாதாரணம். கறுத்து, குச்சியால் குத்தினால் குமிழி வந்து முட்டை நாற்றம் அடித்தால் காற்றில்லாமல் அழுகியிருக்கிறது. அந்த வாயு ஹைட்ரஜன் சல்ஃபைடு, மீனுக்குக் கொடும் விஷம். அதைக் கிளறவே கூடாது. சைஃபனாலோ குளத்துக்கென்றே வரும் வேக்வம் கருவியாலோ ஒரு நாளில் கால் பங்கு பரப்பு மட்டும் எடுங்கள், மீதி அடுத்தடுத்த வாரங்களில். வேலை செய்யும்போது ஏர் பம்ப் ஓடட்டும்.

இலை உதிரும் காலத்தில் குளத்தின்மேல் வலை விரித்துவிட்டால் இந்த வேலையில் முக்கால்வாசி இல்லாமலே போகும். கொக்கும் பூனையும் மீன்கொத்தியும் வந்தாலும் அதே வலை காக்கும். வலையை நீர்மட்டத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் இறுக்கமாகக் கட்டுங்கள்; தொய்ந்து தண்ணீரில் கிடந்தால் தவளையும் மீனும் மாட்டிக்கொள்ளும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இந்த வலை போதாது, ஆள் எடை தாங்கும் கம்பி வலை வேண்டும்.

முழுக் குளத்தையும் சுத்தம் செய்ய வேண்டி வந்தால்

நன்றாகப் பராமரிக்கும் குளத்துக்கு இது பல ஆண்டுகளுக்கு ஒரு முறைதான் தேவைப்படும். வண்டல் கையளவு ஏறியிருந்தால், செடி வேர் குளத்தை அடைத்திருந்தால், அல்லது கசிவு இருந்தால் செய்யலாம். கசிவா ஆவியாவதா என்று முதலில் உறுதி செய்யுங்கள்: ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, குளத்துப் படியில் பாதி மூழ்கும்படி வைத்து, வாளிக்கு உள்ளேயும் வெளியேயும் நீர்மட்டத்தைக் குறியிட்டு, பம்பை நிறுத்தி ஏர் பம்பை மட்டும் ஓடவிட்டு ஒரு நாள் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயில்தான் குடித்திருக்கிறது. வெளிக்குறி அதிகம் இறங்கினால் கசிவு. பம்ப் நிற்கும்போது இறங்காமல் ஓடும்போது மட்டும் இறங்கினால், ஓட்டை குளத்தில் இல்லை, குழாயிலோ அருவியிலோ இருக்கிறது. இந்தச் சோதனை நாளில் ஃபில்டர் ஸ்பாஞ்சை வெளியே எடுத்து, ஏர் ஸ்டோன் அருகே குளத்திலேயே போட்டு வையுங்கள்.

வெப்பம் மிதமான, மேகமூட்டமான ஒரு நாளைத் தேர்ந்தெடுங்கள். முதல் நாளே தீனியை நிறுத்திவிடுங்கள். வேலையின் வரிசை இது:

1. நிழலில் ஒரு பெரிய தொட்டி வையுங்கள். மேல்மட்டத்துத் தெளிந்த குளத்து நீரை, வண்டல் கிளறும் முன், அதில் நிரப்புங்கள். ஏர் பம்ப் போடுங்கள், மேலே வலை மூடுங்கள். தொட்டியில் தங்கமீன் துள்ளும், தவறாமல் துள்ளும்.

2. இன்னும் எவ்வளவு பாத்திரம் கிடைக்கிறதோ அவ்வளவிலும் பழைய தண்ணீரைச் சேமியுங்கள். மொத்தத்தில் பாதியாவது இருந்தால் நல்லது. ஃபில்டர் ஸ்பாஞ்சையும் வளையங்களையும் அதே நீரில் காற்றோட்டத்தோடு மூழ்க வையுங்கள், காய விடாதீர்கள்.

3. நீர்மட்டம் முழங்காலுக்குக் கீழே வந்த பிறகு மீனைப் பிடியுங்கள். வலையால் துரத்தினால் செதில் உரியும். வலையை அசையாமல் பிடித்து, மீனை மெதுவாக அதன் பக்கம் ஒதுக்கி, ஒரு கிண்ணத்தால் தண்ணீரோடு மொண்டு தூக்குங்கள்.

4. வண்டலைப் பிளாஸ்டிக் முறத்தால் அள்ளுங்கள். இரும்பு மண்வெட்டி, குளத்துக்குள் விரித்திருக்கும் லைனர் விரிப்பைக் கிழித்துவிடும். சோப்பு, பிளீச்சிங் பவுடர், ஆசிட் எதுவும் வேண்டாம். சுவரை வெறும் தண்ணீர் பீய்ச்சி விட்டால் போதும், பச்சைப் படலம் இருக்கட்டும்.

5. சேமித்த தண்ணீரை முதலில் விடுங்கள், அப்புறம் குளோரின் நீக்கிய புதுத் தண்ணீர். ஃபில்டரை உடனே ஓடவிடுங்கள்.

6. இரண்டு தண்ணீரின் வெப்பமும் நெருங்கி வந்ததும், மீன் இருக்கும் தொட்டியில் குளத்து நீரைக் கால் மணிக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு மணி நேரம் கழித்து மீனை விடுங்கள்.

அடுத்த இரண்டு வாரம்தான் கவனம் தேவைப்படும் காலம். தீனி பாதியாக, டெஸ்ட் ஒன்றுவிட்டு ஒரு நாள். அம்மோனியா தலைகாட்டினால் 20 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். நைட்ரைட் ஏறினால், எதுவும் சேர்க்காத கல்லுப்பை 1000 லிட்டருக்கு 1 கிலோ வீதம் ஒரு வாளியில் கரைத்து ஊற்றலாம். உப்பில் இருக்கும் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். உப்பு ஆவியாகாது என்பதை நினைவில் வையுங்கள், தண்ணீர் மாற்றும்போது மட்டும்தான் குறையும்.

மழை, வெயில், குளிர்

கனமழையில் பக்கத்து மண்ணிலிருந்து வரும் தண்ணீர்தான் பயம். உரம், பூச்சிமருந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு வரும். குளத்தின் கரை சுற்றுத் தரையைவிட ஐந்து சென்டிமீட்டராவது உயர்ந்திருக்கட்டும், வழியும் தண்ணீருக்கு வலைபோட்ட ஒரு வாய் இருக்கட்டும். பி.எச்.-ஐச் சரியவிடாமல் பிடித்து வைக்கும் கார்பனேட் மழைநீரில் கிட்டத்தட்ட இல்லை. பாக்டீரியாவும் வேலை செய்யும்போது கார்பனேட்டைத் தின்றுகொண்டே இருக்கும். அது தீர்ந்த அன்றைக்கு பி.எச். திடீரென்று சரியும். டெஸ்ட் கிட்டில் கே.எச். என்று வரும் கார்பனேட் அளவு லிட்டருக்கு 80 மில்லிகிராமுக்குக் கீழே போனால், 100 லிட்டருக்கு 5 கிராம் சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றுங்கள். சுமார் 30 மில்லிகிராம் ஏறும். ஒரு நாளைக்கு அதற்கு மேல் வேண்டாம்.

கடும் வெயிலில் இரவிலும் காற்றோட்டம் ஓடட்டும். மின்சாரம் மிச்சம் என்று ராத்திரி பம்பை நிறுத்துவது, மிகவும் தேவையான நேரத்தில் நிறுத்துவது.

பனி உறையும் ஊர்களில் குளம் 60 சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாக இருந்தால் தங்கமீன் அடியில் போய் அசையாமல் கிடக்கும். ஆக்சிஜன் தீர்ந்தாலும் உடலில் சேரும் லாக்டிக் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றி நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும் வல்லமை அதற்கு உண்டு. இது குளிர்ந்த தண்ணீரில் மட்டும் நடப்பது, வெயில் காலத்துக்கு இதை நம்ப முடியாது. மேல்மட்டம் முழுக்க உறையாமல் ஒரு துளை இருக்க வேண்டும், வாயு வெளியேற. பனியைச் சுத்தியலால் உடைக்காதீர்கள், அந்த அதிர்ச்சி மீனைத் தாக்கும். சூடான பாத்திரத்தை வைத்து உருக்குங்கள்.

நோயும் புது வரவும்

நோய் பெரும்பாலும் புது மீனோடுதான் வரும். புதிதாக வாங்கியதை மூன்று நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள். உப்பைத் தூவியது போல வெள்ளைப் புள்ளிகள், பக்கவாட்டில் நூல் போலத் தொங்கும் நங்கூரப் புழு, தட்டையாக ஒட்டி ஊரும் மீன்பேன், கிழிந்து வெளுத்த துடுப்பு ஆகியவற்றைப் பாருங்கள். மீன் கல்லில் உடம்பை உரசினாலும் சந்தேகப்படுங்கள். ஆனால் எதைப் பார்த்தாலும் முதல் வேலை மருந்து அல்ல, தண்ணீர் டெஸ்ட். உரசுவதும் துடுப்பைச் சுருக்குவதும் பல நேரம் அம்மோனியாவால்தான். தண்ணீர் சரியாக இருந்தும் குறி மாறாவிட்டால், அந்த மீனைத் தனியே எடுத்து வைத்தியம் பாருங்கள். குளம் முழுக்க மருந்து ஊற்றுவது கடைசி வழி. பல மருந்துகள் ஃபில்டரையும் சேர்த்துக் கொல்லும்.

குளத்தில் குஞ்சு பொரித்து எண்ணிக்கை கூடிவிட்டால், ஆற்றிலோ ஏரியிலோ கொண்டுபோய் விடாதீர்கள். தங்கமீன் அங்கே அடியைக் கிளறித் தண்ணீரைக் கலக்கும், அங்குள்ள மீன்களின் முட்டையைத் தின்னும், பெருகிவிட்டால் ஒழிப்பதும் முடியாது. களைந்த வெங்காயத்தாமரையையும் அப்படித்தான், வெயிலில் காயவைத்து உரக்குழியில் போடுங்கள். மிஞ்சிய மீனைக் குளம் வைத்திருக்கும் இன்னொருவருக்குக் கொடுங்கள், கொடுக்கும்போது உங்கள் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு பழைய ஸ்பாஞ்சையும் ஈரத்தோடு சேர்த்துக் கொடுத்தால் அவருடைய குளம் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.